தீமில் பக்கத் தலைப்பை மாற்ற: ஃபைலை நகலெடுப்பதா, ஃபில்டர் போடுவதா?

வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு வகைப் பக்கத்தைத் திறந்தால் மேலே ‘கேட்டகரி: சமையல்’ என்று வந்து நிற்கிறது. அந்த முன்னொட்டு இல்லாமல் ‘சமையல்’ என்று மட்டும் வர வேண்டும். என் தளங்களில் இதற்கு நான் வைத்திருப்பது, சைல்டு தீமின் (மூலத் தீமைச் சார்ந்து, நம் மாற்றங்களை மட்டும் வைத்திருக்கும் துணைத் தீம்) ஃபங்ஷன்ஸ் ஃபைலில் ஒரு ஃபில்டர், அதாவது வேர்ட்பிரஸ் காட்டப்போகும் உரையை வழியிலேயே மாற்றும் சிறு குறியீடு. பக்கத்தின் அமைப்பை வகுக்கும் டெம்ப்ளேட் ஃபைலை நகலெடுத்துத் திருத்துவதைத்தான் பலரும் செய்கிறார்கள். பராமரிப்பை யோசித்தால் ஃபில்டரே மேல்.

மற்ற இரண்டு வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மூலத் தீமின் ஃபைலிலேயே கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் அத்தனையும் அழிந்துபோகும். சிஎஸ்எஸ் (தோற்றத்துக்கான குறியீடு) போட்டு மறைப்பதும் சரிவராது. வேர்ட்பிரஸ் ஸ்பான் டேக் போடுவது வகையின் பெயருக்குத்தான், முன்னொட்டுக்கு இல்லை. அதனால் முன்னொட்டை மட்டும் தனியாகப் பிடிக்க முடியாது. முழுத் தலைப்பின் எழுத்தளவைப் பூஜ்யமாக்கி, ஸ்பானுக்கு மட்டும் அளவு கொடுக்கலாம். ஆனால் முன்னொட்டு பக்கத்தின் மூலத்தில் அப்படியேதான் இருக்கும்.

மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் சைல்டு தீம் வேண்டும். தீம்ஸ் ஃபோல்டருக்குள் புது ஃபோல்டர், அதில் ஒரு ஸ்டைல் ஃபைல், அதன் தலையில் தீமின் பெயரும் ‘டெம்ப்ளேட்’ வரியும் இருந்தால் போதும். டெம்ப்ளேட் வரியில் மூலத் தீமின் ஃபோல்டர் பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும். சைல்டு தீமுக்கு மாறியதும் மெனு இடங்களையும் கஸ்டமைசரில் போட்ட கூடுதல் சிஎஸ்எஸ்ஸையும் சரிபாருங்கள். வேர்ட்பிரஸுக்கு அது வேறொரு தீம்.

நகலெடுக்கும் வழியில், வகைப் பக்கம் போன்ற பட்டியல் பக்கங்களைக் காட்டும் ஆர்க்கைவ் ஃபைலை சைல்டு ஃபோல்டருக்குள் போட்டு, தலைப்பு வரியைத் திருத்துகிறோம். தலைப்புக்குக் கீழே படம், பதிவு எண்ணிக்கை என்று எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். சிக்கல் பிறகுதான் வரும். நகலெடுத்த அன்றோடு அந்த ஃபைல் உறைந்துவிடுகிறது. மூலத் தீமில் வரும் திருத்தம் எதுவும் அதற்கு வந்து சேராது. மோசமான நிலை இதுதான்: மூலத் தீம் தன் உள் துண்டு ஃபைல் ஒன்றின் பெயரை மாற்றுகிறது. உங்கள் நகல் பழைய பெயரையே கூப்பிடுகிறது. துண்டு ஃபைல்களைக் கூப்பிடும் ‘கெட் டெம்ப்ளேட் பார்ட்’ ஃபங்ஷன், ஃபைல் கிடைக்காவிட்டால் பிழை எதுவும் காட்டாது. பக்கத்தில் தலைப்பு ஜம்மென்று நிற்கும், கீழே பதிவுகள் இருக்காது, பிழைகள் பதிவாகும் லாகிலும் ஒன்றும் இருக்காது. ஆன்லைன் கடைக்கான ப்ளகினான வூகாமர்ஸ் தன் டெம்ப்ளேட்டின் நகல் பழசாகிவிட்டால் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சொல்லும். சாதாரணத் தீம் ஃபைல்களுக்கு வேர்ட்பிரஸ் அப்படி எதுவும் சொல்வதில்லை.

ஃபில்டரில் இந்தத் தொல்லை இல்லை. 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 5.5 முதல் ‘கெட் தி ஆர்க்கைவ் டைட்டில் ப்ரிஃபிக்ஸ்’ என்ற ஃபில்டர் இருக்கிறது (சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர்). அதற்கு வேர்ட்பிரஸிலேயே உள்ள ‘ரிட்டர்ன் எம்ப்டி ஸ்ட்ரிங்’ ஃபங்ஷனைக் கொடுங்கள். அதன் பெயருக்கு முன்னால் இரண்டு அண்டர்ஸ்கோர் வரும். ஒரே வரியில் முன்னொட்டு போய்விடும். கூடவே அந்த ஸ்பானும் போய்விடும் என்பதால், அதை நம்பி எழுதிய சிஎஸ்எஸ் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள்.

சில தீம்களில் இந்த வரி பலிக்காது. வேர்ட்பிரஸின் சொந்தத் தீமான ட்வென்டி நைன்டீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுத் தலைப்புக்கான ‘கெட் தி ஆர்க்கைவ் டைட்டில்’ ஃபில்டரில் தானே புகுந்து, ‘கேட்டகரி ஆர்க்கைவ்ஸ்:’ என்று புதிதாக எழுதிவிடுகிறது. அங்கே நாமும் முழுத் தலைப்பு ஃபில்டரில்தான் மாற்ற வேண்டும். சைல்டு தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைல் மூலத் தீமுக்கு முன்னாலேயே ஏறிவிடும். எது முதலில் ஓடும் என்பதைச் சொல்லும் முன்னுரிமை எண் இரண்டு ஃபில்டருக்கும் 10 என்றிருந்தால் நம்முடையது முதலில் ஓடி, அவர்களுடையது அதன் மேல் எழுதிவிடும். நம்முடையதற்கு 20 கொடுத்தால் கடைசிச் சொல் நம்முடையது. ‘ஃபில்டர் வேலை செய்யவில்லை’ என்று கைவிடுமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

நகல் தேவைப்படும் இடமும் உண்டு. அதே தீமின் தேடல் பக்கத் தலைப்பு ‘சர்ச்’ டெம்ப்ளேட்டிலேயே நேராக எழுதப்பட்டிருக்கிறது. இந்த ஃபில்டர்கள் அதைத் தொடுவதில்லை. அந்த ஒரு ஃபைலை மட்டும் நகலெடுத்து, எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்பதை முதல் வரியில் கமென்ட்டாக எழுதி வையுங்கள். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஃபில்டரின் பலவீனம் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். நகலெடுத்த டெம்ப்ளேட்டில் ஒரு செமிகோலன் விட்டுப்போனால் அந்த டெம்ப்ளேட்டில் காட்டப்படும் பக்கங்கள் மட்டும்தான் கெடும். ஃபங்ஷன்ஸ் ஃபைலில் விட்டால் டாஷ்போர்டு உட்பட முழுத் தளமும் படுத்துவிடும். 2019-இல் வந்த 5.2 முதல் தளம் படுத்தாலும் உள்ளே போய்ச் சரிசெய்ய உதவும் ரிக்கவரி மோட் லிங்க் நிர்வாகியின் மெயிலுக்கு வரும். ஆனாலும் ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகையான சிபேனலின் ஃபைல் மேனேஜரை இன்னொரு டேபில் திறந்து வைத்துக்கொண்டு திருத்துவதே பத்திரம். தீமை அடிக்கடி மாற்றுபவர்கள் அந்த வரியைச் சின்ன ப்ளகினாகப் போட்டுவிட்டால் தீம் மாறினாலும் கூடவே வரும்.

பக்கம் முழுவதையும் பிளாக்குகளால் அமைக்கும் பிளாக் தீம்களில் எனக்குப் பழக்கம் குறைவு. சைட் எடிட்டரில் ஆர்க்கைவ் தலைப்பு பிளாக்கைத் தேர்ந்தெடுத்தால், ‘கேட்டகரி:’ போன்ற முன்னொட்டைக் காட்டும் ஸ்விட்ச் பக்கப் பட்டியில் இருக்கும். அதை அணைத்தால் போதும். மாற்றம் டேட்டாபேஸில் பதிவதால் அப்டேட்டில் அழியாது. ஆனால் அந்த டெம்ப்ளேட்டுக்குத் தீம் தரும் புது மாற்றங்களும் தெரியாது. நகலின் அதே குறை இங்கேயும் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் கேஷை (சேமித்து வைத்த பழைய பக்கப் பிரதிகளை) காலி செய்துவிட்டுப் பாருங்கள். பிரவுசர் டேபில் தெரியும் தலைப்பு இதனால் மாறாது. அதற்கு ‘டாக்குமென்ட் டைட்டில் பார்ட்ஸ்’ என்ற வேறு ஃபில்டர் இருக்கிறது; எஸ்இஓ ப்ளகின் வைத்திருந்தால் அதன் அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம்.