படிப்பைப் பாதியில் நிறுத்தியபின் வரும் கல்லூரி பில்: கணக்குத் தாளைப் பார்க்காமல் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் ஃபெடரல் (மத்திய அரசின்) உதவியோடு படிக்கும் பிள்ளை செமஸ்டர் நடுவில் நின்றுவிட்டால், சில வாரம் கழித்துக் கல்லூரியின் பர்சர் ஆபீஸிலிருந்து, அதாவது கட்டணம் வசூலிக்கும் அலுவலகத்திலிருந்து, ஒரு பில் வரும். இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் என்று இருக்கும். ஃபெடரல் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம், பாக்கியை நீங்கள் கட்டுங்கள் என்று இரண்டு வரி. அந்தத் தொகை எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை இருக்காது. பல குடும்பங்கள் பதறிப்போய்க் கடன் வாங்கிக் கட்டிவிடுகின்றன. சில குடும்பங்கள் கட்ட முடியாமல் விட்டு, விஷயம் கலெக்ஷன் ஏஜென்சி வரை போய்விடுகிறது. இரண்டும் நடக்கக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு. அந்த பில்லுக்குப் பின்னால் ஒரு கணக்குத் தாள் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிச் சரிபார்க்கலாம். கல்லூரிகள் அதில் திரும்பத் திரும்பச் சறுக்கும் இடங்களும் தெரிந்தவைதான்.

யாருக்கு இது பொருந்தும் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். ஃபெடரல் உதவி அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் அகதி அந்தஸ்து போன்ற சில நிலைகளில் இருப்பவர்களுக்கும்தான். எஃப்-1 மாணவர் விசாவில் சென்னையிலிருந்து போனவருக்கும், எச்-4 குடும்ப விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் இது கிடையாது. அவர்களுக்குக் கல்லூரியின் சொந்த ரீஃபண்ட் விதி மட்டுமே. குடியேறி வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், ஃபாஃப்சா என்ற உதவி விண்ணப்பப் படிவம் நிரப்பி பெல் கிராண்டும் (திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) டைரக்ட் லோனும் (அரசுக் கடன்) வாங்கிப் படிப்பவர்கள், அவர்களின் பெற்றோர் ஆகியோர் கவனமாகப் படியுங்கள்.

விதி 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின் நான்காம் பகுதியைச் சேர்ந்தது. ஃபெடரல் ஒழுங்குவிதித் தொகுப்பில் தலைப்பு 34, பிரிவு 668.22. ஃபைனான்சியல் எய்ட் ஆபீஸில் இதை 'ஆர்-டூ-டி-ஃபோர்' (R2T4, நான்காம் பகுதிப் பணத்தைத் திருப்புதல்) என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். விதியின் சாரம் எளிது. செமஸ்டர் தொடக்கத்தில் கொடுத்த உதவி முழுவதும் அன்றைக்கே உங்களுடையதாகிவிடுவதில்லை. நாளுக்கு நாள் அதைச் சம்பாதிக்கிறீர்கள். செமஸ்டரின் 60 சதவீத நாட்களைத் தாண்டிவிட்டால் முழுத்தொகையும் உங்களுடையது. அதற்குமுன் நின்றால், எத்தனை சதவீத நாள் ஆனதோ அத்தனை சதவீதம்தான். மீதி அரசாங்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 2024 ஃபால் செமஸ்டர் ஆகஸ்ட் 26 திங்கட்கிழமை தொடங்கி டிசம்பர் 13 வெள்ளிக்கிழமை முடிகிறது என்று கொள்வோம். சனி, ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் 110 நாள். தேங்க்ஸ்கிவிங் விடுமுறை புதன் நவம்பர் 27 முதல் ஞாயிறு டிசம்பர் 1 வரை, ஐந்து நாள். தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ வரும் விடுமுறையைக் கழித்தே ஆக வேண்டும். ஆக 105 நாள். இந்தக் கல்லூரியில் செமஸ்டர் கட்டணம் 4,800 டாலர். மாணவிக்குக் கிடைத்த உதவி: பெல் கிராண்ட் 3,000, சப்சிடைஸ்டு லோன் (படிக்கும்வரை வட்டியை அரசே கட்டும் கடன்) 1,750, அன்சப்சிடைஸ்டு லோன் (அந்தச் சலுகை இல்லாதது) 1,000. மொத்தம் 5,750. (லோனில் பிடிக்கும் சிறு கட்டணத்தை இங்கே விட்டுவிடுவோம்.) கட்டணம் போக மிஞ்சிய 950 டாலர் செப்டம்பரிலேயே அவர் வங்கிக் கணக்குக்கு வந்து, வாடகைக்கும் புத்தகத்துக்கும் செலவாகிவிட்டது.

அக்டோபர் 4ஆம் தேதி அவர் எழுதிக்கொடுத்துவிட்டு நிற்கிறார். அது 40ஆவது நாள். 40ஐ 105ஆல் வகுத்தால் 38.1 சதவீதம். சம்பாதித்தது 2,190.75 டாலர். திரும்ப வேண்டியது 3,559.25. இதில் கல்லூரியின் பங்கு தனி: கட்டணம் 4,800இல் 61.9 சதவீதம், அதாவது 2,971.20. இந்த இரண்டில் எது குறைவோ அதைக் கல்லூரி திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பும் வரிசையையும் சட்டமே வகுத்திருக்கிறது. முதலில் அன்சப்சிடைஸ்டு லோன், பிறகு சப்சிடைஸ்டு, பிறகு பெற்றோர் வாங்கும் பிளஸ் லோன், அதன்பிறகே பெல். ஆக 1,000, 1,750, அதற்குப்பின் பெல்லில் 221.20. மாணவியின் லோன் இரண்டும் அடைந்துவிட்டன.

மீதி 588.05 டாலர் மாணவியின் பங்கு. ஆனால் கிராண்டில் மாணவருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. மொத்த கிராண்டில் பாதிக்கு மேற்படும் பகுதியைத்தான் திருப்பித்தர வேண்டும். இங்கே பாதி 1,500. 588 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே அரசாங்கத்துக்கு இவர் ஒரு டாலர்கூடக் கடன்படவில்லை. பெற்றோர் மிரண்டுபோகும் இடம் இதுதான், அதனால் மறுபடி சொல்கிறோம்: அரசாங்கத்துக்கு இவர் கட்ட வேண்டிய பாக்கி எதுவும் இல்லை.

அப்படியானால் பில் எங்கிருந்து வருகிறது? ஃபெடரல் விதி வேறு, கல்லூரியின் ரீஃபண்ட் விதி வேறு. ஆறாவது வாரத்தில் நின்றால் கட்டணத்தில் ஒரு காசும் குறைக்காத கல்லூரிகள் நிறைய. ஃபெடரல் பணம் 2,971.20 திரும்பிப் போய்விட்டது, 4,800 கட்டணம் அப்படியே நிற்கிறது. அந்த ஓட்டை மாணவி கணக்கில் பாக்கியாக விழுகிறது. பத்து வருடத்தில் நிதானமாக அடைக்கக்கூடிய, வருமானத்துக்கேற்ற தவணை உள்ள ஃபெடரல் லோன் போய், உடனே கட்டு என்று நிற்கும் கல்லூரிக் கடன் வந்து உட்காருகிறது. அடுத்த செமஸ்டருக்குப் பதிவு செய்ய முடியாதபடி ஹோல்டும் விழும். இது சட்டப்படி நடப்பதுதான். ஆனால் சேரும்போது இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சரியாகப் போட்ட கணக்கிலேயே இவ்வளவு வலி என்றால், தப்பாகப் போட்டால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

முதல் சறுக்கல் விடுமுறை. அந்த ஐந்து நாளைக் கழிக்க மறந்தால் வகுக்கும் எண் 110 ஆகிவிடும். அக்டோபர் 4 கணக்கில் வித்தியாசம் 81.60 டாலர்தான். ஆனால் அதே மாணவி அக்டோபர் 28 அன்று நின்றிருந்தால் அது 64ஆவது நாள். 105ஆல் வகுத்தால் 60.95 சதவீதம். 60 சதவீதத்தைத் தாண்டிவிட்டார், ஒன்றும் திரும்ப வேண்டாம். 110ஆல் வகுத்தால் 58.2 சதவீதம். கல்லூரி 2,006.40 டாலரைத் திருப்பி அனுப்பிவிட்டு அதை அவர் தலையில் கட்டும். ஒரே ஒரு விடுமுறையால் இரண்டாயிரம் டாலர். விடுமுறையை ஒட்டிவரும் சனி, ஞாயிறும் அதில் சேரும் என்பதைக் கவனியுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஸ்ப்ரிங் பிரேக் என்றால் முன்னும் பின்னும் உள்ள வார இறுதிகளோடு ஒன்பது நாள். திங்கள், செவ்வாய் மட்டும் உள்ள ஃபால் பிரேக்கோ, சனி, ஞாயிறைச் சேர்த்தாலும் நான்கு நாள்தான். அது கழியாது.

இரண்டாவது, நின்ற தேதி. வருகைப் பதிவு எடுக்கக் கடமைப்பட்ட கல்லூரியில் கடைசியாக வகுப்புக்குப் போன நாள். மற்ற கல்லூரிகளில், மாணவர் நிற்கும் நடைமுறையைத் தொடங்கிய நாள், அல்லது அதற்கென்று குறித்த ஆபீஸில் எழுத்தாகவோ வாயாலோ சொன்ன நாள். டீன் கையெழுத்துப் போட்ட நாள் அல்ல, ரிஜிஸ்ட்ரார் கம்ப்யூட்டரில் ஏற்றிய நாளும் அல்ல. 'நின்றால் எனக்கு எவ்வளவு பாக்கி வரும்?' என்று கேட்பது நிற்பதாக அறிவித்ததாகாது. ஆகவே விசாரிக்கும்போது விசாரணை என்று தெளிவாக எழுதுங்கள், முடிவெடுத்தபின் முடிவு என்று எழுதுங்கள்.

மூன்றாவதுதான் மிகவும் கொடுமையானது. யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்ட பிள்ளை. உடம்பு சரியில்லை, மனசு சரியில்லை, வீட்டில் சொல்லப் பயம். செமஸ்டர் முடிவில் எல்லாப் பாடத்திலும் எஃப். கடைசிவரை இருந்து தேறாமல்போன எஃப் ஒன்றாவது உண்டு என்று கல்லூரி ஆவணத்தோடு காட்ட முடியாவிட்டால், அவர் சொல்லாமல் நின்றவர் என்றே கொள்ளப்படும். வருகைப் பதிவு எடுக்கத் தேவையில்லாத கல்லூரி அப்போது செமஸ்டரின் நடுப்புள்ளியை, 50 சதவீதத்தை, நின்ற நாளாக வைக்கலாம். நம் கணக்கில் 2,400 டாலர் திரும்பிப் போகும். இதைக் கண்டுபிடிக்கவே செமஸ்டர் முடிந்து 30 நாள் அவகாசம், பணம் அனுப்ப மேலும் 45 நாள். டிசம்பர் 13இல் முடிந்த செமஸ்டருக்கு பிப்ரவரி 26 வரை இழுக்கலாம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கும் நேரத்தில் பில் வரும்.

ஆனால் நடுப்புள்ளிக்குப் பதிலாக, மாணவர் கடைசியாகக் கலந்துகொண்ட படிப்பு சார்ந்த செயலின் தேதியை எடுத்துக்கொள்ளவும் கல்லூரிக்கு அனுமதி உண்டு. நவம்பர் 15 அன்று ஒரு தேர்வு எழுதியிருந்தால் அது 82ஆவது நாள், 78 சதவீதம். 2,400 டாலர் பாக்கி அப்படியே மறைந்துவிடும். தேர்வு, வினாடிவினா, ஒப்படைத்த அசைன்மென்ட், பாடம் தொடர்பான ஆன்லைன் விவாதத்தில் எழுதியது, பாடச் சந்தேகம் கேட்டுப் பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல் இவையெல்லாம் செல்லும். கேன்வாஸ் போன்ற ஆன்லைன் பாடத் தளத்தில் வெறுமனே லாகின் செய்தது செல்லாது. படிப்பு ஆலோசகரைப் பார்த்ததும் செல்லாது. கல்லூரி தானாக இதைத் தேடாது. மாணவர் தேதியோடு திரட்டிக் கொடுத்துக் கேட்க வேண்டும். லாகின் கணக்கு மூடப்படுவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கட்டணம். நிற்பதால் கல்லூரி தானே கொஞ்சம் கட்டணத்தைக் குறைத்தாலும், இந்தக் கணக்கில் போட வேண்டியது ஆரம்பத்தில் விதித்த முழுக் கட்டணம். குறைத்த தொகையைப் போட்டால் கல்லூரியின் பங்கு சுருங்கி, மாணவர் தலையில் ஏறும்.

இந்தப் பிழைகளெல்லாம் சின்னக் கல்லூரிகளில்தான் நடக்கும் என்று எண்ண வேண்டாம். ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை ஆய்வு செய்தபோது, மாதிரிக்கு எடுத்த மாணவர்களில் 10 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களின் பணம் கெடு தாண்டித் திரும்பியிருந்தது. 2010 ஜனவரியில் அதன் தாய் நிறுவனம் சுமார் 12.6 கோடி டாலருக்கு லெட்டர் ஆஃப் கிரெடிட் (வங்கி உத்தரவாதம்) கொடுக்க நேர்ந்தது. அரசாங்கம் தன் பணத்தை இப்படிக் காத்துக்கொள்கிறது. மாணவர் பக்கத்துக் கணக்கை மாணவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நிற்கும் முன் செய்ய வேண்டியவை. ஃபைனான்சியல் எய்ட் ஆபீஸுக்கு எழுதி, இன்ன தேதியில் நின்றால் ஆர்-டூ-டி-ஃபோர் உத்தேசக் கணக்கு என்ன, 60 சதவீதத்தைத் தாண்டும் தேதி எது என்று எழுத்தில் வாங்குங்கள். சில நாள்தான் பாக்கி என்றால், உண்மையாகவே வகுப்புக்குப் போய்ப் படிக்க முடியுமானால், காத்திருப்பது லாபம். எல்லாப் பாடத்தையும் விட வேண்டிய கட்டாயமில்லை என்றால், செமஸ்டர் முழுக்க ஓடும் ஒரு பாடத்தையாவது பிடித்துக்கொண்டு முடித்துவிடுங்கள். அப்போது இந்தக் கணக்கே எழாது. ஏழு, எட்டு வாரத் துண்டுப் பாடங்களுக்கு விதி வேறு. அங்கே கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பாடத்தை விடுங்கள்.

பில் வந்தபின் முதல் வேலை, கணக்குத் தாளைக் கேட்பது. மாணவரே கேட்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்தபின் கல்வி ஆவணங்களின் உரிமை மாணவருடையது. அப்பாவோ அம்மாவோ போன் செய்தால், மாணவர் எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தாலன்றிப் பேச மாட்டார்கள். ஃபெர்பா என்ற மாணவர் ஆவணச் சட்டப்படி கேட்ட 45 நாளுக்குள் ஆவணத்தைப் பார்க்க விட வேண்டும். தாளில் நான்கு எண்களைப் பாருங்கள்: மொத்த நாள், முடித்த நாள், நின்ற தேதி, கல்லூரிக் கட்டணம். கல்லூரியின் கல்வி நாட்காட்டியை அருகில் வைத்து விரல்விட்டு எண்ணுங்கள். இன்னும் கைக்கு வராத உதவி இருந்ததா என்றும் பாருங்கள். சம்பாதித்தது வந்ததைவிட அதிகம் என்றால், நின்றபின்னும் கல்லூரி கொடுக்க வேண்டும். கிராண்டுக்கு 45 நாள் கெடு. லோன் என்றால் 30 நாளுக்குள் கடிதம் அனுப்பிக் கேட்க வேண்டும், பதில் சொல்ல மாணவருக்குக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். அந்தக் கடிதத்தைக் குப்பை மெயில் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கிராண்ட் அதிகப்படி, ஒரு பகுதியை அரசாங்கத்துக்குத் திருப்பிக் கட்டுங்கள் என்று தனிக் கடிதம் வந்தால் அது வேறு விவகாரம். அதற்கு 45 நாளுக்குள் கட்டியாக வேண்டும் அல்லது தவணை பேசியாக வேண்டும். தவறினால் எந்தக் கல்லூரியிலும் ஃபெடரல் உதவி நின்றுபோகும். பாக்கி 50 டாலரோ அதற்குக் கீழோ என்றால் கேட்க மாட்டார்கள்.

பாக்கி இருக்கிறது என்று டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் சான்றிதழை)ப் பிடித்துவைப்பதற்கும் 2024 ஜூலை 1 முதல் வரம்பு வந்திருக்கிறது. ஃபெடரல் உதவி பெற்று, கட்டணம் முழுக்கத் தீர்ந்த முந்தைய செமஸ்டர்களின் மதிப்பெண்களைக் கல்லூரி கொடுத்தாக வேண்டும். கல்லூரியே ஃபெடரல் உதவிக் கணக்கில் செய்த பிழையால் வந்த பாக்கிக்கு டிரான்ஸ்கிரிப்டை நிறுத்தவும் கூடாது. ஆகவே பிழை கண்டுபிடித்தால் ஃபைனான்சியல் எய்ட் டைரக்டருக்குப் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பர்சருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். பதில் வரும்வரை கலெக்ஷனுக்கு அனுப்ப வேண்டாம் என்று அதே கடிதத்தில் கேளுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் ஃபெடரல் ஸ்டூடன்ட் எய்ட் இணையதளத்தில் புகார் பதியுங்கள். கணக்குத் தாள், நாட்காட்டி, நிற்பதாக அறிவித்த மின்னஞ்சல், கல்லூரிக் கணக்கின் லெட்ஜர் ஆகிய நான்கையும் புகாரோடு இணையுங்கள்.