31ஆவது நாளில் என்ன நடக்கும்? போதைச் சிகிச்சை முறைகள் குறித்த ஓர் ஒப்பீடு

மறுவாழ்வு மையத்தில் 30 நாள் இருந்துவிட்டு, உடலில் துளி ஹெராயின் இல்லாமல் ஒருவர் வீடு திரும்புகிறார். வீட்டார் கண்ணுக்கு அவர் குணமாகிவிட்டார். ஆனால் அவர் வாழ்க்கையிலேயே மிக ஆபத்தான நாட்களில், வீடு திரும்பிய இந்த நாட்களும் சேரும். இந்த 30 நாட்களில் உடல் தன் தாங்குதிறனை இழந்துவிட்டது. ஏக்கம் மட்டும் குறையவில்லை. பழைய நினைப்பில் பழைய அளவை ஒரே ஒருமுறை ஏற்றிக்கொண்டாலும் மூச்சு நின்றுபோகலாம். சிறையிலிருந்து விடுதலையாகிறவர்களுக்கும் முதல் சில வாரங்கள் இப்படித்தான். எந்தச் சிகிச்சை மேல் என்று எடைபோடும்போது, "போதை விட்டதா?" என்பதற்கு முன்னால் "ஆள் இருக்கிறாரா?" என்றுதான் நான் கேட்பேன். இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியின் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னாலும், அடிமைத்தனம் என்றால் என்ன என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது. மிகப் பழைய பதில், "மன உறுதி இல்லாதவன், ஒழுக்கம் கெட்டவன்" என்பது. அதற்கு மருந்தாகத் தண்டனையைத்தான் வைத்திருந்தார்கள். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்தபோது வேறொரு வழி பிறந்தது. "என்னால் தனியாக முடியவில்லை" என்று ஒப்புக்கொள்வதும், அதே துன்பத்தைப் பட்டவரின் தோளைப் பற்றிக்கொள்வதும்தான் அந்த வழி. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அப்படித் தொடங்கியது. 1953இல் போதைப்பொருள் பழகியவர்களுக்கான நார்க்காட்டிக்ஸ் அனானிமஸ் வந்தது. கட்டணம் கிடையாது. நள்ளிரவில் ஏக்கம் எழுந்தால் தொலைபேசியில் அழைக்க ஒருவர் இருப்பார். குடியை முழுதாக நிறுத்துவதில், மீட்சியை 12 கட்டங்களாக வகுத்திருக்கும் இந்த 12 படி முறை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டியது. ஆனால் ஹெராயின் விஷயத்தில் அதே அளவுக்குச் சான்று இல்லை. அதோடு, ஹெராயினை விடுவதற்காக மருத்துவர் தரும் மருந்தை எடுத்துக்கொள்கிறவரை "இன்னும் சுத்தமாகாதவர்" என்று ஒதுக்கிவைக்கும் வழக்கம் பல குழுக்களில் உண்டு. அந்த ஒதுக்கலுக்குப் பயந்து மருந்தை நிறுத்துகிறவருக்கு உயிராபத்து இருக்கிறது. இந்த முறையில் என்னால் ஏற்க முடியாத ஒரே இடம் இதுதான்.

அடுத்த பதில், "இது மூளையின் நோய்" என்பது. 1997இல் அமெரிக்காவின் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத் தலைவராக இருந்த ஆலன் லெஷ்னர் சயன்ஸ் இதழில் அப்படியே எழுதினார். போதைப்பொருள், மூளையில் இன்பத்தையும் நாட்டத்தையும் இயக்கும் டோப்பமைன் சுற்றுகளை மாற்றுகிறது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் முன்மூளையின் பிடி தளர்கிறது என்பது விளக்கம். அவமானத்தை இறக்கிவைத்துவிட்டு மருத்துவரிடம் போவதற்கு இந்தக் கருத்து பலருக்குத் துணிவு தந்திருக்கிறது. ஆனாலும் இதற்குள் அடங்காத ஒன்று உண்டு. வியட்நாம் போரின்போது அங்கிருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார். அவர்கள் ஊர் திரும்பிய பிறகு ஆய்வாளர் லீ ராபின்ஸ் பின்தொடர்ந்து பார்த்தார். முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் அவர்களில் சுமார் 5 சதவீதம்தான். மூளை மாறியிருந்தது உண்மை. இடம் மாறியதும் பெரும்பாலோர் பெரிய சிகிச்சை எதுவும் இல்லாமலே விட்டதும் உண்மை. வேலை, உறவு, பழகிய தெரு, பழகிய நண்பர் இவையெல்லாம் நோயின் பகுதிகளே என்று சொல்லும் கற்றல் மற்றும் சூழல் பார்வைக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

இனி மருந்து. 1960களின் நடுவில் நியூயார்க்கில் மருத்துவர்களான வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் தம்பதி, மேரி ஜீன் கிரீக்குடன் சேர்ந்து, ஹெராயின் பழகியவர்களுக்குத் தினமும் மெத்தடோன் என்ற ஓபியம் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். பிறகு நடுக்கம், வாந்தி, அடுத்த பொட்டலத்துக்கான ஓட்டம். மெத்தடோன் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க உடலைச் சமநிலையில் வைக்கிறது. அந்த ஓட்டம் நின்றதும் அவர்கள் படிப்பையும் வேலையையும் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பின்னால் வந்த அதே வகை மருந்தான புப்ரெனார்ஃபினுக்கு இன்னொரு நன்மை உண்டு. ஓர் அளவுக்கு மேல் அதன் வீரியம் அதிகரிக்காது என்பதால், மூச்சு அடங்கும் ஆபத்து குறைவு.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதைதானே?" என்று கேட்கும் பெற்றோரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் உடல் ஒரு மருந்தைச் சார்ந்திருப்பதும், ஒருவர் தன் வாழ்க்கையைப் பொட்டலத்துக்கு ஒப்புக்கொடுப்பதும் ஒன்றாகா. பிரான்சில் 1995 முதல் பொது மருத்துவர்களே புப்ரெனார்ஃபின் எழுதிக்கொடுக்கலாம் என்றானது. நான்கு ஆண்டுகளில் அளவு மீறி இறப்பவர்கள் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தார்கள். இந்த மருந்துகளில் இருக்கும் காலத்தில் இறப்பு விகிதம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டையும் இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. உடலிலிருந்து போதைப்பொருளை இறக்கும் நச்சு நீக்கம் மட்டும் செய்து வீட்டுக்கு அனுப்பும் முறை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

குறை இல்லாமல் இல்லை. மெத்தடோனுக்காகத் தினம் வரிசையில் நிற்க வேண்டிவரலாம். சிலருக்கு இதயத் துடிப்பில் சிக்கல் வரும். அவசரப்பட்டு நிறுத்தினால் ஆபத்து மறுபடி ஏறும். நால்ட்ரெக்சோன் என்ற மூன்றாவது மருந்து போதை ஏறவிடாமல் தடுக்கிறது, ஆனால் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எதுவும் எடுக்காமல் இருந்த பிறகே அதைத் தொடங்க முடியும். பலர் அந்த வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். கொக்கெய்ன், மெத்தாம்ஃபெட்டமின் பழகியவர்களுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது. அங்கே இதுவரை நன்றாக வேலை செய்வது, சிறுநீர்ப் பரிசோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் உடனுக்குடன் சிறு பரிசு தரும் முறை. பரிசு நின்றதும் பலன் தேய்வது உண்டு.

கடைசியாகத் தீங்கு குறைப்பு. "நிறுத்தினால்தான் உதவி" என்ற நிபந்தனையே இங்கே கிடையாது. சுத்தமான ஊசி தருவார்கள், மூச்சு நின்றவரை மீட்கும் நாலாக்சோன் தருவார்கள். எதற்கும் மசியாதவர்களுக்கு 1994 முதல் சுவிட்சர்லாந்தில் மருத்துவர் கண்காணிப்பில் ஹெராயினே தருகிறார்கள். போர்ச்சுகல் 2001இல், பத்து நாள் தேவைக்குள் போதைப்பொருளைக் கையில் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து, பிடிபட்டவரைச் சிகிச்சைக்கு வழிகாட்டும் குழுவின் முன் அனுப்பியது. ஊசி வழி எச்ஐவி தொற்று அங்கே வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2020 வாக்கெடுப்பில் அதே வழியில் இறங்கி 2024இல் பின்வாங்கியது. ஹெராயினைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் பரவிய அதே காலம் அது என்பதால் பழி முழுவதையும் சட்டத்தின் மேல் போட முடியாது. ஆனால் அங்கே தண்டனை முதலில் போனது, சிகிச்சை வசதி பின்தங்கி வந்தது. போர்ச்சுகலில் இரண்டும் சேர்ந்து நடந்தன.

ஆகவே ஒரு மையத்தில் ஒருவரைச் சேர்க்கப் போகிறவர்கள், அங்கே சுவரில் எழுதியிருக்கும் வெற்றி சதவீதத்தைப் பார்க்க வேண்டாம். அவர் பழகியது ஹெராயின் போன்ற ஓபியம் வகை என்றால் புப்ரெனார்ஃபினோ மெத்தடோனோ தருவார்களா, எத்தனை நாள் தொடர்வார்கள் என்று கேளுங்கள். சறுக்கினால் வெளியே அனுப்புவார்களா, அன்றே திரும்ப வரச் சொல்வார்களா என்று கேளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நாலாக்சோனைக் கையில் கொடுத்து, மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதை எப்படிச் செலுத்துவது என்று வீட்டாருக்குச் செய்து காட்டுவார்களா? 31ஆவது நாள் காலையில் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கப்போவது யார்?