டிரைவரா, 3 வுட்டா? மலைச்சரிவு கோல்ஃபில் ஹோலுக்கு ஹோல் மாறும் பதில்

முதல் டீயிலேயே (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) குழப்பம் ஆரம்பித்துவிடும். மேட்டின் உச்சியில் நிற்கிறோம். கீழே ஃபேர்வே, அதாவது குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்பாதை, பாயை உதறி விரித்ததுபோல் சரிந்து கிடக்கிறது. பையிலிருந்து எதை உருவுவது? டிரைவரா, 3 வுட்டா, ஹைப்ரிடா? (பந்தை அடிக்கும் கிளப்களில் டிரைவர்தான் அதிக தூரம் போகும்; 3 வுட், ஹைப்ரிட் படிப்படியாகக் குறைவு.) சமதள மைதானமாக இருந்தால் தூரமும் ஃபேர்வேயின் அகலமும் பதில் சொல்லிவிடும். மலைச்சரிவில் நான் வேறு ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன்: அடுத்த அடி அடிக்கும்போது என் கால் எங்கே நிற்கும்?

இந்தப் புத்தி வந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. இறக்கத்தில் போகும் 380 யார்டு பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்). சுமார் 210 யார்டில், படிக்கட்டின் நடுவே ஒரு திண்ணை மாதிரி, ஃபேர்வே சமமாகிறது. அதைத் தாண்டினால் செங்குத்துச் சரிவு. நண்பர் ஹைப்ரிடை எடுத்துத் திண்ணையில் கொண்டுபோய் வைத்தார். நான் டிரைவர். நன்றாகவே பட்டது. பந்து திண்ணையைத் தாண்டி, குதித்து, உருண்டு, கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) 90 யார்டு இருக்கும்போது சரிவின் நடுவில் கட்டையான புல்லில் சிக்கி நின்றது. அவருக்கு இன்னும் 170 பாக்கி. நான் ஜெயித்த மாதிரி நடந்துபோனேன்.

போய்ப் பார்த்தால் இடது கால் வலது காலைவிட ஒரு சாண் கீழே. உடம்பு முன்னால் சாய்கிறது. விழாமல் இருக்க எடையைப் பின்காலுக்குத் தள்ளுகிறேன். அப்படித் தள்ளியதுதான் வினை. வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான கிளப்) பந்துக்கு ஒரு கை அகலம் பின்னாலேயே மண்ணில் புதைந்தது. பந்து இருபது யார்டு போய் மறுபடியும் அதே சரிவில் நின்று என்னைப் பார்த்தது. அவருக்கு நான்கு, எனக்கு ஆறு. 170 யார்டிலிருந்து அடித்தவர் சமதளத்தில் நின்றார், 90 யார்டிலிருந்து அடித்தவன் ஏணியில் நின்றான். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் இறக்கத்தில் எப்போதும் சின்ன கிளப்தானா? இல்லை. இங்கேதான் பலரும் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்க மைதானமான அகஸ்டா நேஷனலின் 9-வது ஹோலைப் பாருங்கள். 460 யார்டு பார் 4. டீயிலிருந்து ஃபேர்வே கீழே இறங்கி, பிறகு கிரீனுக்கு மேலே ஏறுகிறது. நீளமாக அடித்தவர் பந்து பள்ளத்தின் அடித்தளத்துக்குப் போய்ச் சேரும். அங்கே ஓரளவு சமம். குறைவாக அடித்தவர் இறங்கும் சரிவில் நின்றுகொண்டு, ஏறும் கிரீனை நோக்கி அடிக்க வேண்டும். இறக்கச் சரிவு பந்தைத் தாழ்வாக அனுப்பும்; மேட்டு கிரீனோ பந்து உயரமாக வர வேண்டும் என்கிறது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஆக அந்த ஹோலில் டிரைவர்தான் பாதுகாப்பான தேர்வு. திண்ணை மேலே இருந்தால் சின்ன கிளப், கீழே இருந்தால், அதுவும் உங்களால் எட்ட முடிந்தால், பெரிய கிளப்.

இறக்கத்தில் டிரைவர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உச்சக்கட்ட உதாரணம் ஹவாயின் கபலுவா பிளான்டேஷன் மைதானம். 2018-இல் அங்கே 12-வது ஹோலில், 433 யார்டு பார் 4-இல், அமெரிக்க வீரர் டஸ்டின் ஜான்சன் டீயிலிருந்து அடித்த பந்து குழியிலிருந்து அரை அடியில் நின்றது. சரிவு, காற்று, அவருடைய வேகம் மூன்றும் சேர்ந்த அடி அது. பார்த்து ரசிக்கலாம். நாம் அதைப் பார்த்துவிட்டு டிரைவரை உருவினால் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

ஏறும் ஹோல்களில் இந்தச் சண்டையே கிடையாது. டிரைவர். மேட்டில் விழும் பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் 3 வுட் எடுப்பதில் கிடைக்கும் லாபம் குறைவு. ஏற்றச் சரிவில் நின்று அடிப்பதும் இறக்கச் சரிவில் அடிப்பதைவிட எளிது. மண்ணே பந்தை மேலே தூக்கிக் கொடுக்கும்.

ஏறும் ஹோலில் உண்மையான போட்டி இரண்டாவது அடியில் வருகிறது. ஒரு படி நீளமான கிளப்பை எடுத்து நிதானமாக ஆடுவதா, அதே கிளப்பை ஓங்கி அடிப்பதா? நான் யோசிக்காமல் முதல் கட்சி. ஏற்றச் சரிவில் நிற்கும்போது கிளப்பின் சாய்வு தானாகவே கூடிவிடுகிறது. கையில் 7 அயர்ன் இருந்தாலும் பந்து 8 அயர்னில் அடித்ததுபோல் உயரமாகப் போய்க் குறைவாக விழும். அதோடு கிரீனும் மேலே இருக்கிறது. இரண்டு நஷ்டம். இதில் ஓங்கி அடித்தால் சரிவில் சமநிலை போய், வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மூன்றாவது நஷ்டம்.

உயர வித்தியாசத்துக்கு எவ்வளவு கூட்டுவது? ஒரு யார்டு ஏற்றத்துக்கு ஒரு யார்டு என்பது வாய்வழிக் கணக்கு. மோசமில்லை, ஆனால் எல்லா கிளப்புக்கும் பொருந்தாது. பந்து எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அவ்வளவு குறைவாக உயரம் அதைப் பாதிக்கும். வெட்ஜும் குட்டை அயர்ன்களும் 50 டிகிரி அளவில் இறங்குகின்றன. 10 யார்டு ஏற்றம் இருந்தால் எட்டு, ஒன்பது யார்டு கூட்டினால் போதும். தட்டையாக இறங்கும் டிரைவர், 3 வுட்டுக்கு அதே ஏற்றம் பன்னிரண்டு, பதின்மூன்று யார்டைத் தின்னும். ஏற்றத்தில் நீளமான கிளப்பால் கிரீனை எட்ட முயன்றவர்கள் பந்து எப்போதும் குறைவதாகப் புலம்புவதன் காரணம் இதுதான். இதோடு மைதானமே கடல்மட்டத்திலிருந்து உயரத்தில் இருந்தால் மெல்லிய காற்று கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்: 5,000 அடி உயரத்தில் ஐந்தாறு சதவீதம், அதாவது 150 யார்டு அடி ஏறக்குறைய 158.

இதையெல்லாம் கருவியிடம் கேட்பதா, கண்ணால் கணிப்பதா என்பது தனிப் பஞ்சாயத்து. 2019 முதல் தூரம் அளக்கும் கருவிக்கு விதிகளில் பொதுவாகத் தடை இல்லை. போட்டியை நடத்துபவர்கள் வேண்டுமானால் தடுக்கலாம். ஆனால் உயர வித்தியாசத்தை அளந்து சொல்லும் வசதியைப் போட்டிச் சுற்றில் பயன்படுத்தக் கூடாது. அணைத்து வைத்திருந்தால் சரி. நான் பயிற்சியில் அதைப் போட்டுவைத்து, முதலில் கண்ணால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் பிறகு கருவியைப் பார்ப்பேன். பத்து சுற்றில் கண் பழகிவிடுகிறது. மைதானத்தை அறிந்த கேடி கூட வந்தால் (பையைச் சுமந்து வரும் கேடிதான், காவல் நிலையப் பட்டியலில் இருப்பவர் இல்லை) கருவியே வேண்டாம்.

ஆழமான பள்ளத்தில் கிரீன் இருக்கும் பார் 3-களில் எனக்கு இன்னமும் முழுத் தெளிவு இல்லை என்றே சொல்ல வேண்டும். குட்டை கிளப்பை உயரமாக முழு ஸ்விங்கில் அடிக்கலாம். அல்லது நீளமான கிளப்பைக் கொஞ்சம் கீழே பிடித்துத் தாழ்வாகத் தட்டலாம். காற்று இல்லாத நாளில் முதல் வழி அழகு. பந்து செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்தில் நிற்கும். ஆனால் பள்ளத்துக்கு அடிக்கும் பந்து காற்றில் கூடுதல் நேரம் மிதக்கிறது. சின்னக் காற்றும் அதைப் பத்து யார்டு தள்ளிவிடும். டீ இருக்கும் இடம் மரங்களின் மறைவில் அமைதியாக இருக்கும், மரத்தலைக்கு மேலே வேறு உலகம். மர உச்சியைப் பார்த்துவிட்டுத்தான் கிளப்பைத் தொடுவேன். உச்சி ஆடினால் இரண்டாவது வழி.

பக்கவாட்டுச் சரிவுக்கு வருவோம். மலை மைதானத்தில் அதிக ஸ்ட்ரோக்குகளைத் தின்பது இதுதான். இடமிருந்து வலமாகச் சரியும் ஃபேர்வேயில் பந்தை எதிர்த்திசையில் வளைத்துச் சரிவோடு மல்லுக்கட்டலாம், அல்லது சரிவோடு சேர்ந்து உருள விடலாம். மல்லுக்கட்டினால் பந்து நிற்கும், தூரம் குறையும். சேர்ந்து போனால் தூரம் கூடும், ஆனால் ஃபேர்வேயை விட்டே ஓடிப்போகும் அபாயம் உண்டு. அகஸ்டாவின் 10-வது ஹோல் டீயிலிருந்து 100 அடிக்கும் மேல் இறங்குகிறது. அங்கே சரிவு இடப்பக்கம். வலமிருந்து இடமாக வளைக்கத் தெரிந்தவர்கள் 3 வுட்டிலேயே அந்தச் சரிவைப் பிடித்துப் பெருந்தூரம் உருட்டிவிடுகிறார்கள். 2012 மாஸ்டர்ஸின் பிளே ஆஃபில் (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டம்) பப்பா வாட்சன் அதே ஹோலில் வலப்பக்க மரங்களுக்குள் அடித்துவிட்டு, அங்கிருந்து வெட்ஜால் பந்தை வளைத்துக் கிரீனில் போட்டு வென்றார். அது அவருக்கு. நான் வளைக்கும் வேலைக்கே போவதில்லை. மேட்டுப்பக்க ரஃபின் (ஃபேர்வேக்கு வெளியே உள்ள நீளப் புல்) ஓரத்தைக் குறிவைத்து நேராக அடிக்கிறேன். மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும்.

பிறகு அந்தச் சரிவில் நின்று அடிக்க வேண்டும். குறியை மாற்றுவதா, ஸ்விங்கை மாற்றிப் பந்தை நேராக அனுப்பப் பார்ப்பதா? குறியை மாற்றுங்கள். பந்து காலைவிட உயரத்தில் இருந்தால் வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் போகும். கைப்பிடியைக் கொஞ்சம் கீழே பிடித்து, வலப்பக்கம் குறிவைத்தால் முடிந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று, குட்டை கிளப்தான் அதிகம் இழுக்கும். சாய்வு கூடிய முகம் சரிவில் இன்னும் அதிகமாகத் திரும்பி நிற்பதால் வெட்ஜ் சட்டென்று இடப்பக்கம் போகும், 5 அயர்ன் அந்த அளவுக்குப் போகாது. பந்து காலுக்குக் கீழே இருந்தால் வலப்பக்கம் போகும். அது கஷ்டமான அடி. முழங்காலை மடக்கி, கடைசிவரை நிமிராமல் இருக்க வேண்டும். நிமிர்ந்தால் பந்தின் தலையைத்தான் தட்டுவோம். பாதி ஸ்விங், கிரீனின் நடு, அதற்கு மேல் ஆசைப்பட மாட்டேன்.

கிரீனில் ஒரு கேள்வி மட்டும்: குழிக்கு மேலே எட்டு அடியா, கீழே இருபது அடியா? நான் கீழே இருபதை வாங்கிக்கொள்வேன். மேல்நோக்கிய பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) என்றால் நெஞ்சுரத்தோடு அடிக்கலாம். மேலிருந்து வரும் எட்டு அடியைத் தொட்டாலே போதும், குழியைத் தாண்டிப் பன்னிரண்டு அடி ஓடும். ஆனால் கீழே நிற்க ஆசைப்பட்டு ரொம்பக் குறைத்தாலும் ஆபத்து. 1996 மாஸ்டர்ஸின் கடைசி நாளில் ஆறு ஸ்ட்ரோக் முன்னிலையோடு இறங்கிய கிரெக் நார்மன், நான் முன்பு சொன்ன அந்த 9-வது ஹோலில் அடித்த பந்து கிரீனின் முன்பகுதியில் விழுந்து, பின்னோக்கிச் சுழன்று, சரிவு முழுக்க இறங்கி வந்துவிட்டது. அங்கே போகி (பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் கூடுதல்), கடைசியில் நிக் ஃபால்டோவிடம் ஐந்து ஸ்ட்ரோக்கில் தோற்றார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது இந்த மாதிரி கிரீனுக்காகவே சொன்னது போலிருக்கும்.

சரிவான கிரீனில் பந்து நின்றதும் சீக்கிரம் போய் மார்க் வைத்துவிடுங்கள். பந்தை எடுத்து மறுபடி வைத்த பிறகு அது தானாக உருண்டால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். எடுக்கும் முன்பே காற்றாலோ சரிவாலோ உருண்டுவிட்டால், நின்ற இடத்திலிருந்துதான் ஆட வேண்டும், அது கிரீனுக்கு வெளியே முப்பது யார்டில் இருந்தாலும்.

பட்டின் திசையைப் பக்கத்தில் குனிந்து பார்ப்பதைவிட, கிரீனை நோக்கி நடந்து வரும்போதே அறுபது யார்டிலிருந்து முழு மலையையும் பார்ப்பது எனக்கு நன்றாக உதவுகிறது. மலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் கண் ஏமாறும். மேலே ஏறுவதாகத் தெரியும் பட் இறங்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் வந்தால் மலை சொல்வதை நம்புவேன், கண்ணை அல்ல.

வண்டியா நடையா? வண்டியில் போனால் மூச்சு மிச்சம். நடந்தால் சரிவு காலுக்குப் புரியும். ஏற்ற ஹோல்களில் நடந்து கிரீனுக்கு வந்தவர் உடனே பட் அடிக்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயம். நான் கொடிக்கம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்கள் முதலில் ஆடுங்கள்" என்று மற்றவர்களிடம் பெருந்தன்மையாகச் சொல்லிவிடுவேன். மூச்சு வாங்குவது அவர்களுக்குத் தெரியாது.