புதுக் கணினிக்கு டிரைவர்: விண்டோஸே போடட்டுமா, நாமே போடலாமா?

பாகங்களை வாங்கி நாமே பூட்டிய கணினியில் விண்டோஸ் 11 ஏறி, இணையம் கிடைத்ததும், திரை ஓரிரு முறை கறுத்து மீளும். விண்டோஸ் அப்டேட் நம்மைக் கேட்காமலே டிரைவர்களை, அதாவது ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்களை, இறக்கி நிறுவத் தொடங்கிவிட்டது என்பதே அதற்குப் பொருள். இந்த வேலையை அதனிடமே விட்டுவிடலாமா, மதர்போர்டு நிறுவனத்தின் செயலியிடம் கொடுக்கலாமா, அல்லது ஒவ்வொன்றாகக் கையால் நிறுவலாமா என்பதுதான் கேள்வி.

ஒலி, புளூடூத், வைஃபை போன்றவற்றுக்கு விண்டோஸ் அப்டேட்டே போதும். ஆனால் அதற்கு முதலில் இணையம் வேண்டும். மதர்போர்டில் கேபிள் வழி இணையத்துக்காக இருக்கும் லேன் சிப், விண்டோஸ் நிறுவல் கோப்பைவிடப் புதியதாக இருந்தால், கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியும், டிரைவர் நிறுவப்படவில்லை என்று சொல்லும் 28 என்ற பிழை எண்ணும்தான் மிஞ்சும். லேன் டிரைவரை வேறொரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. அவசரத்துக்கு ஆண்ட்ராய்டு போனின் இணையத்தைக் கேபிள் வழியே கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கும் கைகொடுக்கும்.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் என் முடிவு வேறு. அண்மையில் நான் பூட்டிய ஒரு கணினியில், கார்டின் சிப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து இறக்கி நிறுவிய புதிய டிரைவர் மறுநாள் காலையில் பழைய பதிப்பாக மாறியிருந்தது. கார்டின் கட்டுப்பாட்டுச் செயலியும் திறக்கவில்லை. காரணம் தெரிந்தபோது கோபம் தணிந்தது. நம்பகமானது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் சரியாக உள்ள டிரைவர்களுக்குள் விண்டோஸ் முதலில் பார்ப்பது தேதியை அல்ல, கருவியின் அடையாள எண்ணோடு டிரைவர் எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதைத்தான். ஆகவே, கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் துணை எண்ணையும் சேர்த்துக் குறிப்பிடும் பழைய டிரைவர், சிப்பின் எண்ணை மட்டும் குறிப்பிடும் புதிய டிரைவரை முந்திவிடும். பொருத்தம் சமமாக இருந்தால்தான் தேதியும், அதன்பின் பதிப்பு எண்ணும் கணக்கில் வரும்.

தேதியை நம்பி ஏமாறவும் கூடாது. விண்டோஸோடு வரும் பல டிரைவர்களில் 2006 ஜூன் 21 என்றும், மதர்போர்டின் பாகங்களை இணைக்கும் சிப்செட்டுக்கான இன்டெல் கோப்புகளில் அந்நிறுவனம் தொடங்கப்பட்ட 1968 ஜூலை 18 என்றும் இருக்கும். மற்ற டிரைவர்களை இவை முந்திவிடக் கூடாது என்றே இப்படிப் பழைய தேதி இடப்படுகிறது. எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் மூன்றாம் தரப்புச் செயலிகளை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மதர்போர்டு நிறுவனத்தின் செயலி சரியான டிரைவரையே தரும். ஆனால் தேவையற்ற பின்னணிச் சேவைகளும் கூடவே வரும். சில மதர்போர்டுகளில், விண்டோஸுக்கு முன்பே இயங்கும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸிலிருந்தே அந்தச் செயலியை நிறுவச் சொல்லும் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைப் பயாஸிலேயே அணைக்கலாம். சிப்செட், கிராபிக்ஸ் ஆகிய இரண்டையும் கையால் நிறுவி, மற்றவற்றை விண்டோஸிடம் விடுவதே என் வழக்கம்.

விண்டோஸ் அப்டேட்டோடு டிரைவர்கள் வராமல் தடுக்கும் குரூப் பாலிசி என்ற நிர்வாக அமைப்பு, விண்டோஸின் ப்ரோ பதிப்பில் உண்டு. ஹோம் பதிப்பில், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்த வேண்டும். அது எல்லா டிரைவர்களையும் சேர்த்தே தடுக்கும் என்பதால், மஞ்சள் குறி ஒன்றுகூட இல்லாத நிலை வந்த பிறகே அதை இயக்க வேண்டும்.

டிரைவர் ஏற்கெனவே மாறியிருந்தால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ செய்து, முன்பிருந்த டிரைவருக்குத் திரும்பிப் பார்க்கலாம். அந்தப் பொத்தான் மங்கியிருந்தால், டிரைவரையும் சேர்த்து நீக்கும் பெட்டியில் குறியிட்டு அகற்றிவிட்டு, சரியானதை மீண்டும் நிறுவ வேண்டும். அதற்கு முன் லேன் கேபிளைக் கழற்றி, வைஃபையையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நிறுவி முடிப்பதற்குள் விண்டோஸ் பழையதையே மீண்டும் இறக்கிவிடும்.