டிஃபென்ஸ் ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் உங்கள் கையெழுத்து டோக்கனைக் கொடுக்காதீர்கள்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு டர்னிங் சென்டர், ஒரு பழைய லேத்து, ஏழு ஆட்கள். இத்தனை வருடமும் பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்தான். போன வருடம் பம்பு வேலை குறைந்து, வாரத்தில் மூன்று நாள் மிஷின் சும்மா நின்றது. அந்த நேரம் பார்த்து, தெரிந்தவர் மூலமாக ஒரு கன்சல்டன்ட் வந்து சேர்ந்தார்.

2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கோவையும் ஒன்று, மத்திய அரசு வாங்குவதில் 25 சதவீதம் குறு, சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும், டெண்டருக்கு முன்பணம் கட்ட வேண்டியதில்லை என்று அவர் சொன்னதெல்லாம் உண்மை. அதனால்தான் மீதியையும் நம்பினேன்.

குறு, சிறு தொழில் என்பதற்கான உத்யம் பதிவுக்கும், அரசுத் துறைகள் பொருள் வாங்கும் ஜெம் இணையதளப் பதிவுக்கும் சேர்த்து 12,000 வாங்கினார். உத்யம் பதிவு 2020 ஜூலையில் வந்ததிலிருந்து ஒரு பைசா செலவில்லாதது. ஆதார், பான் எண் இருந்தால் நாமே செய்துகொள்ளலாம், முடியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்தில் உதவுவார்கள். ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதியவும் கட்டணம் கிடையாது. அடுத்து ‘டிஃபென்ஸ் வெண்டார் (சப்ளையர்) ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று 18,000. ஒரு சான்றிதழ் கொடுத்தார். அசோக சக்கரம் மாதிரி ஒரு சின்னம், தங்க நிற பார்டர். அப்படி ஒரு பொதுவான சான்றிதழே கிடையாது. ஒவ்வொரு பொதுத்துறை நிறுவனமும் தனக்கு வேண்டிய பொருளுக்குத் தானே வெண்டாரைப் பதிவு செய்துகொள்கிறது. அவர் செய்தது பாதுகாப்பு அமைச்சகத்தின் மின்கொள்முதல் தளத்தில் என் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கியது மட்டும். அதுவும் இலவசம்.

இந்த 30,000 போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நான் செய்த பெரிய தப்பு வேறு.

அந்தத் தளத்தில் டெண்டர் போட டிஜிட்டல் கையெழுத்து வேண்டும். பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கன். “அண்ணா, நீங்க வேலையைப் பாருங்க, இதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்” என்று டோக்கனையும் பின் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டார். கணக்குத் தொடங்கும்போது கொடுத்த இமெயில், போன் நம்பர் இரண்டும் அவருடையவை. அவர் ஆபீசில் மேசை இழுப்பறையைத் திறந்தபோது பார்த்தேன், பத்துப் பன்னிரண்டு டோக்கன். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி பேனாவால் கம்பெனி பெயர். எத்தனை பேர் இவரை நம்புகிறார்கள் என்று அப்போது எனக்கு அது தைரியமாக இருந்தது.

ஆர்டர் கிடைத்தால் அவருக்கு 40,000 என்று பேச்சு. யோசித்துப் பாருங்கள். ஆர்டர் கிடைத்தால் போதும், அவருக்குப் பணம். அந்த விலைக்கு நம்மால் செய்ய முடியுமா என்பது அவர் கவலை இல்லை.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் டிராயிங் அனுப்பினார். 20 மில்லிமீட்டர் விட்டத்தில் இரும்பு பின், ஈஎன்24 என்ற ஸ்டீல், ஹார்டனிங், ஜிங்க் பிளேட்டிங் 8 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 1,200 பீஸ். வாங்குவது ஓர் அரசு நிறுவனம். ஒரு பீஸ் 290 ரூபாய்க்குக் குறைந்து கட்டாது என்றேன். இரண்டு வாரம் கழித்து “நாமதான் எல்1, வாழ்த்துகள்” என்று போன். எல்1 என்றால் டெண்டரில் மிகக் குறைந்த விலை சொன்னவர். ஆர்டர் காப்பியில் விலை 214 ரூபாய்.

எல்1 ஆன பிறகு பின்வாங்க முடியாதா என்று கேட்பீர்கள். முன்பணத்துக்குப் பதிலாக நாம் ஓர் உறுதிமொழி கொடுக்கிறோம். பின்வாங்கினால் குறிப்பிட்ட காலத்துக்கு டெண்டரில் கலந்துகொள்ள விடமாட்டார்கள். முன்பணத்துக்கு விலக்கு உண்டே தவிர, செக்யூரிட்டி டெபாசிட்டுக்கு விலக்கு இல்லை. 5 சதவீதம், 12,840 ரூபாய் கட்டினேன். ஒரு பின்னுக்கு 76 ரூபாய் நட்டம், ஒரு அனுபவமாக இருக்கட்டும் என்று வேலையை ஆரம்பித்தேன்.

முதல் 400 பீஸ் இன்ஸ்பெக்ஷனில் மொத்தமாக ரிஜெக்ட். டாலரன்ஸ் எஃப்7, அதாவது விட்டம் 19.959-லிருந்து 19.980-க்குள் இருக்க வேண்டும். நாங்கள் 19.972-ல் அழகாக நிறுத்தியிருந்தோம். பிளேட்டிங் இரண்டு பக்கமும் 8 மைக்ரான் ஏறினால் 19.988. விட்டத்தைச் சோதிக்கும் ஸ்னாப் கேஜின் ‘கோ’ பக்கம், சரியான அளவென்றால் நுழைய வேண்டியது, பின்னில் நுழையவே இல்லை. பிளேட்டிங்குக்கு அப்புறம்தான் இந்த அளவு என்று டிராயிங்கின் இரண்டாவது சீட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது. எனக்கு வந்தது முதல் சீட் மட்டும். முழு டெண்டரும் அவர் இமெயிலில் இருந்தது.

அதே இரண்டாவது சீட்டில் இன்னொரு குறிப்பு. பிளேட்டிங் முடிந்த சில மணி நேரத்துக்குள் பின்களை ஓவனில் (சூட்டடுப்பில்) வைத்துச் சூடாக்கி, அதற்கான ரிப்போர்ட் தர வேண்டும். ஹார்டனிங் செய்த ஸ்டீலுக்குள் பிளேட்டிங் தொட்டியில் ஹைட்ரஜன் புகுந்துவிடும். அதை வெளியேற்றாவிட்டால் பின் பார்க்க நன்றாகவே இருக்கும், லோடு ஏறி நிற்கும்போது ஒரு நாள் சட்டென்று முறியும். அந்த 400 பின்னில் ஒன்றைக்கூட நாங்கள் சூடாக்கவில்லை. கேஜ் தடுத்திருக்காவிட்டால் அவை ஏதோ ஒரு வண்டியில் ஏறியிருக்கும், அந்த வண்டியில் நாலு பேர் உட்கார்ந்திருப்பார்கள். பணம் போனதைவிட இதுதான் பல நாள் தூங்கவிடவில்லை. ரிஜெக்ட் செய்த அந்த இன்ஸ்பெக்டருக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

நேரில் போய் முழு டெண்டர் பைலையும் கேட்டு வாங்கினேன். நம் வசதிகளைச் சொல்லும் டெக்னிக்கல் பிட்டில், எங்களிடம் சிஎம்எம் என்கிற துல்லியமாக அளக்கும் மிஷின் இருப்பதாகக் கன்சல்டன்ட் எழுதியிருந்தார். எங்களிடம் இல்லை, வெளியே கொடுத்துத்தான் அளக்கிறோம். கீழே என் டிஜிட்டல் கையெழுத்து. பொய்த் தகவல் என்று நடவடிக்கை எடுத்தால் இரண்டு வருடம் வரை தடை போட விதி இருக்கிறது. நானே உண்மையை எழுதிக் கொடுத்தேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

400 பீஸையும் திரும்பச் செய்து, சூடாக்கும் செலவும் லேப் டெஸ்ட் செலவும் சேர்ந்து, ஏழு வாரத் தாமதத்துக்கு வாரம் அரை சதவீதம் பிடித்தமும் போக, இரண்டு லட்சத்துக்கு மேல் கையை விட்டுப் போனது. கன்சல்டன்டிடம் கேட்டதற்கு, “டிராயிங்கைப் படிக்கிறது உங்க வேலை அண்ணா” என்றார். போலீசில் புகார் கொடுத்திருக்கிறேன். கையெழுத்து என்னுடையது என்பதால் வழக்கு நிற்குமா என்று வக்கீலே தயங்குகிறார்.

பழைய டிஜிட்டல் சான்றிதழை ரத்து செய்து புதிது வாங்கி, இமெயில், போன் நம்பரை எல்லாம் மாற்றிவிட்டேன். இப்போது டெண்டரை நானே திறந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறேன், விலைத் தாளை நானே நிரப்புகிறேன். புரியாததை எம்எஸ்எம்இ அலுவலகத்தின் கோவைக் கிளையில் போய்க் கேட்கிறேன், பொறுமையாகச் சொல்கிறார்கள். பத்து டெண்டர் பார்த்தால் எட்டை விட்டுவிடுகிறேன்.

அந்த இழுப்பறையில் பார்த்த பெயர்களில் இரண்டு எங்கள் வீதிக்காரர்களுடையது. இருவரிடமும் போய்ச் சொன்னேன். ஒருவர் அன்று சாயங்காலமே டோக்கனை வாங்கி வந்துவிட்டார். இன்னொருவர், “ஒரு ஆர்டர் வர்ற மாதிரி இருக்குங்க, வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார்.