பெரியம்மா கேட்ட கேள்விக்கு எந்தச் சோதனை பதில் சொல்லும்?

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய். ஐந்து வாரத்துக்கும் மேல் கதிர்வீச்சு, வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, கடைசியில் உடம்புக்குள்ளேயே வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. எல்லாம் முடிந்துவிட்டது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, சொம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "எல்லாம் போயிடுச்சா கண்ணு? திரும்ப வருமா?"

தென்னாப்பிரிக்கப் பெண்களைப் புற்றுநோய்களில் அதிகம் கொல்வது இதுதான். அதனால் அந்தக் கேள்வியை இங்கே பல வீடுகளில் கேட்கிறார்கள். பதில் தேட மூன்று வழிகள் இருக்கின்றன.

பழைய வழி ஸ்டேஜும் (நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்ற கணக்கு) ஸ்கேனும். 2018-இல் ஸ்டேஜ் முறையைத் திருத்தி, நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருந்தால் 3சி என்று வகுத்தார்கள். ஆனால் ஸ்டேஜ் என்பது சிகிச்சைக்கு முந்தைய நிலவரம். மருந்தை இந்த உடம்பு எப்படி ஏற்றது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்வது சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து எடுக்கும் பெட் ஸ்கேன்; கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் செலுத்தினால், அதை அதிகம் உறிஞ்சும் புற்றுநோய் இதில் ஒளிரும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மருத்துவர்கள் 92 பெண்களை வைத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்கேன் முழுக்கத் தெளிவாக இருந்தவர்களில் 78 சதவீதம் பேர் மூன்றாண்டு நோய் தலைகாட்டாமல் இருந்தார்கள். ஒளிர்வு ஓரளவே குறைந்தவர்களில் 33 சதவீதம். புதிதாக எந்தச் சோதனை வந்தாலும் முதலில் இதோடுதான் போட்டி போட வேண்டும். குறை என்னவென்றால், இந்த மெஷின் பெரிய ஊர்களில்தான் உண்டு. கதிர்வீச்சால் புண்பட்ட திசுவும் ஸ்கேனில் ஒளிரும் என்பதால் அவசரப்பட்டு எடுக்கவும் முடியாது.

இரண்டாவது, பயாப்சியில், அதாவது சோதனைக்காகக் கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த திசுவில், மரபணுக்களைப் படிப்பது. 2017-இல் 228 கட்டிகளை அலசி வெளியிட்ட பெரிய ஆய்வு, எந்தெந்த மரபணுக்கள் கெட்டிருக்கின்றன என்று விவரமாகக் காட்டியது. நாளைய மருந்துகளுக்கு அது வழிகாட்டலாம். பெரியம்மாவின் கேள்விக்கு உதவாது என்பது என் எண்ணம். அதுவும் சிகிச்சைக்கு முன் கிள்ளி எடுத்த ஒரு துணுக்குதானே.

மூன்றாவதுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது: ரத்தத்தில் மிதக்கும், கட்டியிலிருந்து உதிர்ந்த டிஎன்ஏ. இந்தப் புற்றுநோய்க்கு ஏறத்தாழ எப்போதும் காரணம் எச்பிவி வைரஸ். அந்தத் தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-இல் நோபல் கிடைத்தது. வைரஸின் ஈ6, ஈ7 மரபணுக்கள் கட்டிச் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். செல் சாகும்போது அந்தத் துணுக்குகள் ரத்தத்தில் கலக்கும், சில மணி நேரத்தில் கரைந்தும் போகும். அப்படியானால், சிகிச்சை முடிந்து வாரக்கணக்கான பிறகும் ரத்தத்தில் அவை இருந்தால், உள்ளே எங்கோ ஓர் இடத்தில் கட்டி இன்னும் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம். மற்றப் புற்றுநோய்களில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அடையாளம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே வைரஸே அடையாளம். டொராண்டோவில் நடந்த ஆய்விலும், மூன்றாம் மாதம் ரத்தத்தில் இது தென்பட்டவர்களுக்கே நோய் அதிகம் திரும்பியது.

ஓட்டைகளும் உண்டு. எச்பிவியில் எண்ணிட்ட பல வகைகள் உண்டு; அவற்றில் 16, 18 வகைகளை மட்டும் தேடும் சோதனை இங்கே போதாது. ஆப்பிரிக்கப் பெண்களின் கட்டிகளில் 35, 45 போன்ற வகைகளும் இருக்கின்றன, எச்ஐவி உள்ளவர்களிடம் வகைகள் இன்னும் பலதரப்பட்டவை. அதனால் சிகிச்சைக்கு முன்பே ஒரு முறை ரத்தம் எடுத்து வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால் நோயே இல்லை என்றும் ஆகிவிடாது. முன்கூட்டியே தெரிந்துகொண்டு மருந்து கொடுத்தால் ஆயுள் கூடும் என்பதும் இன்னும் நிரூபணமாகவில்லை.

அப்படியும், ஸ்கேனுக்கு அடுத்து ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ரத்தச் சோதனைக்கே கொடுக்கச் சொல்வேன். சாதாரணக் குழாயில் எடுத்த ரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றி, செல்கள் நீங்கிய பிளாஸ்மா என்ற திரவத்தைப் பிரித்தாக வேண்டும். பதப்படுத்தும் திரவம் உள்ள குழாய் என்றால் நாள்கணக்கில் தாங்கும். டர்பனின் ஃபீனிக்ஸில் ஒரு சின்ன கிளினிக்கில் எடுத்துக்கூட ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வைரஸ் டிஎன்ஏ தென்பட்டவர்களை ஸ்கேன் வரிசையில் முன்னே நிறுத்தலாம்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "மூணாம் மாச ஸ்கேனை மட்டும் விட்டுடாதீங்க. நடுவுல ரத்தம் கசிஞ்சாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காம உடனே சொல்லுங்க" என்றேன். சரி என்று சொம்பைக் கீழே வைத்தார்.