ஆட்டோமேட்டிக் ஃபீடர்: 14 மாதம், இரண்டு மழைக்காலம், ஒரு தனிப் பூனை

மன்னார்குடித் தோழி நேற்று ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். நான் வைத்திருக்கும் அதே ஃபீடர்தான், வேளாவேளைக்குப் பூனைக்குத் தானாகச் சாப்பாடு போடும் பெட்டி. விலை நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு இப்போது தினமும் திருவாரூரில் வேலை. காலையில் கதவைப் பூட்டியதும் அவள் பூனை தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறதாம். என் பெட்டி போன வாரம்தான் ரிப்பேர் ஆகித் திரும்பி வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எத்தனை லிட்டர், எத்தனை வேளை என்பதெல்லாம் விற்கும் இடத்திலேயே போட்டிருக்கிறது. என் வீடு கும்பகோணம், வேலை தஞ்சாவூர். காலை ஏழரைக்குக் கிளம்பினால் இரவு ஏழுக்குத்தான் வீடு. பொன்னி, தை அறுவடையின்போது வைக்கோல் போரில் கிடைத்த குட்டி. இப்போது நான்கு வயது, நான்கு கிலோ. அம்மா திருச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போகும் வரை அவள் ஒரு நாள்கூடத் தனியாக இருந்ததில்லை. அம்மா போன மூன்றாம் வாரம் என் தலையணையில் மூத்திரம் போனாள். அடிவயிற்றை நக்கி நக்கி முடியே இல்லாமல் செய்துகொண்டாள். அப்போது வாங்கியதுதான் இந்தப் பெட்டி.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், சொல்லாவிட்டால் அநியாயம். நாளுக்கு 55 கிராம் டிரை ஃபுட், ஐந்து வேளையாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பூனை ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னும் பிராணி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை தின்பதுதான் அதன் இயல்பு. அதற்கு இந்தப் பெட்டி அருமையாகப் பொருந்துகிறது. விடியற்காலை நாலரைக்கு என் காலைக் கடித்து எழுப்பும் பழக்கம் பத்தே நாளில் நின்றது. இப்போது பெட்டி முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறாள். கரண்ட் போனாலும் உள்ளே போட்ட மூன்று பெரிய டார்ச் செல்லில் ஓடிவிடும். எடையும் ஏறவில்லை. மழை இல்லாத மாதங்களில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

மழைக்காலம் வேறு கதை. ஐப்பசி பிறந்தாலே நம் பக்கம் அப்பளமே நமுத்துப் போகும். டிரை ஃபுட் எம்மாத்திரம்? மேல் டப்பா நிறைய கொட்டி வைத்தால் அடியில் கட்டி தட்டி, சுழலும் இறக்கையில் சிக்கிக்கொள்கிறது. முதல் வருஷம் தட்டித் தட்டி ஓட்டினேன். இந்த வருஷம் உள்ளே பல்சக்கரமே உடைந்துவிட்டது. இப்போது இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் போட்டு, மூடியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைக்கிறேன். எறும்புக்கு, சர்க்கரை டப்பாவுக்குச் செய்வது போல, தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் பெட்டியை வைத்திருக்கிறேன். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது அந்தக் குரல்தான்.

பத்து விநாடி குரலைப் பதிந்து வைத்தால், ஒவ்வொரு வேளையும் அது ஒலித்த பிறகுதான் சாப்பாடு விழும். அம்மா குரல் கேட்டால் பொன்னிக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான்தான் நினைத்தேன். அம்மா ஒரு முறை வந்திருந்தபோது, "பொன்னிக் கண்ணு, வாடி சாப்பிட" என்று சொல்லவைத்துப் பதிந்தேன். ஒரு வாரம் கழித்து கேமராவில் பார்த்தேன். குரல் கேட்டதும் ஓடி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பின்னால் போய்ப் பார்த்தாள். சாப்பாடு விழுந்து கிடக்க, அம்மா அறைக்குப் போய்க் கட்டிலில் ஏறி, இறங்கி, சாய்வு நாற்காலியைச் சுற்றி வந்து, வாசல் கதவடியில் படுத்துக்கொண்டாள். மதியமும் இதே. சாயங்காலமும் இதே. அலுவலகத்தில் அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

அன்றைக்கே குரலை நிறுத்தினேன். ஆனால் கரண்ட் போய் வந்தால் அது தானாக மறுபடி ஆன் ஆகிவிடுகிறது. நேரமும் அளவும் மாறுவதில்லை, குரல் மட்டும் திரும்பி வந்துவிடுகிறது. மழை நாளில் கரண்ட் எத்தனை தடவை போய் வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கம்பெனிக்கு நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னார்கள். கடைசியில் பல்சக்கரம் மாற்ற வந்த மெக்கானிக்கிடம், ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிடச் சொன்னேன். இப்போது மோட்டார் சத்தம் மட்டும்தான். பொன்னி அதற்கே வருகிறாள், தின்கிறாள், போகிறாள். யாரையும் தேடுவதில்லை.

தனிமைக்கு உதவியவை வேறு. முதலில் கால்நடை மருத்துவரிடம் போனேன். படுக்கையில் மூத்திரம் போனால் ஏக்கம் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது, மூத்திரப்பையில் நோய் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். நோய் இல்லை. அப்புறம்தான் மற்றவை. கிளம்புவதற்கு முன் இருபது நிமிஷம் ஓடவிட்டு விளையாட்டு, முடிந்ததும் சாப்பாடு. ஓடி, பிடித்து, தின்றுவிட்டால் பூனை தூங்கிவிடும். விளையாடிய கயிறு, ரிப்பன் எல்லாவற்றையும் பீரோவில் பூட்டிவிட்டுத்தான் போவேன். விழுங்கிவிட்டால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்து. உடுத்திக் களைந்த புடவை ஒன்றைத் துவைக்காமல் அவள் படுக்கும் இடத்தில் விரிக்கிறேன். மணல் தட்டு ஒன்றுக்கு இரண்டு. இன்னொரு பூனை வளர்க்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள், நான் துணியவில்லை.

எல்லாவற்றையும் விடப் பெரியது கொல்லைப்புற ஜன்னல். கொசுவலையை எடுத்துவிட்டுக் கெட்டியான இரும்பு வலை அடித்து, உட்பக்கம் ஒன்றரை அடி அகலத்தில் பலகை போட்டேன். வெளியே முருங்கை மரம், அணில், கூட்டமாக இறங்கும் தவிட்டுக்குருவிகள். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மீன்கொத்தியும் வரும். கேமராவில் எப்போது பார்த்தாலும் இப்போது அங்கேதான் இருக்கிறாள். வயிற்றில் முடி முளைத்துவிட்டது.

எனவே, தோழி, சாப்பாடு போடும் வேலைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். ஆனாலும் நீ வாங்காதே. உன் பூனை பசியில் கத்தவில்லை. ஊருக்குப் போகும்போதாவது உதவும் என்று நினைக்காதே. பெட்டி சிக்கிக்கொண்டு இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் பூனைக்கு ஈரல் கெட்டுவிடும். 2018 கஜா புயலுக்குப் பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் இருட்டில் இருந்தீர்கள் என்று உனக்கே தெரியும். தீபாவளிக்குத் திருச்சி போனபோது நான் சாவியைப் பக்கத்து வீட்டு அத்தையிடம்தான் கொடுத்தேன். அத்தை காலையும் மாலையும் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

உன் ஜன்னலின் நீள அகலத்தை அளந்து அனுப்பு. பலகையை இங்கே ஆசாரியிடம் அறுத்து வாங்கி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துத் தருகிறேன், வலையும் நானே கொண்டு வருகிறேன்.